தாயும் சேயும் நலமாக... ஊர் கூடித் தேர் இழுப்போம்!

ஒரு வீட்டில் மருமகள் "முழுகாமல் இருக்கிறாள்" என்று தெரிந்துவிட்டால் போதும், அந்தத் தெருவே அவளுக்கு உறவாகிவிடும். மாங்காய் கொண்டு வந்து கொடுப்பார் ஒருவர். மசக்கைக்கு நெல்லிக்காயை வாயில் அடக்கிக்கொள்ளச் சொல்வார் இன்னொருவர். "வயித்தைப் பார்த்தா பையன்தான்!" என்று ஜோசியமே சொல்லிவிடுவார் மூன்றாமவர். ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளையல் அடுக்கி, புளியோதரையும் தயிர் சாதமும் கிளறி, பாட்டுப் பாடிக் கொண்டாடுவோம்.

எல்லாம் சரி. பனிக்குடம் உடைந்து, ராத்திரி 2 மணிக்கு அவள் துடிக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட யார் போவது? எந்த வண்டி? தூங்குகிற மூத்த குழந்தையை யார் பார்த்துக்கொள்வது? ரத்தம் வேண்டுமென்று டாக்டர் சொன்னால் யாரைக் கூப்பிடுவது? இதையெல்லாம் முன்கூட்டியே பேசி வைத்திருக்கும் வீடுகள் எத்தனை? வளைகாப்புக்குக் கூடுகிற நாற்பது பெண்களில் ஒருவராவது இந்தப் பேச்சை எடுத்ததுண்டா?

"அதெல்லாம் அபசகுனமா எதுக்குப் பேசணும்?" என்பீர்கள். பேசியே ஆக வேண்டும் சகோதரிகளே! பேசி, பங்கு பிரித்துக்கொண்டு, அவரவர் வேலையை அவரவர் செய்த ஊர்களில்தான் தாய்மார்களின் சாவும் பச்சைக் குழந்தைகளின் சாவும் குறைந்திருக்கின்றன. அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறோம். ஆறுமுகநேரி மாதிரி ஓர் ஊரில் அதை எப்படிச் செய்யலாம் என்றும் பார்ப்போம்.

உப்பும் வெயிலும்

திருச்செந்தூர் போகும் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்தவர்களுக்கு ஆறுமுகநேரி நன்றாகவே நினைவிருக்கும். வெள்ளை வெளேரென்று உப்புப் பாத்திகள், குவித்து வைத்த உப்பு அம்பாரங்கள். பக்கத்தில் சாகுபுரம், அங்கே டி.சி.டபிள்யூ. ரசாயனத் தொழிற்சாலை. ஒரு பக்கம் காயல்பட்டினம், இன்னொரு பக்கம் மீனவர்கள் வாழும் புன்னைக்காயல், முத்துக் குளிப்புக்குப் பேர்போன கடற்கரை. கோயில், பள்ளிவாசல், மாதா கோயில் மூன்றுக்கும் குறைவில்லாத வட்டாரம்.

இந்த வட்டாரத்துப் பெண்கள் பலருக்கு உப்பளம்தான் சோறு போடுகிறது. வெயில் ஏறுவதற்குள் வேலையை முடிக்க வேண்டுமென்று விடியும் முன்பே அளத்துக்குக் கிளம்பிவிடுவார்கள். உப்பு நீரில் வெறுங்காலோடு நிற்பது, வாரிய உப்பைத் தலையில் சுமப்பது, கீழே வெள்ளை உப்பும் மேலே சூரியனும் சேர்ந்து கண்ணைக் கூசவைப்பது எல்லாம் அன்றாடம். திறந்த வெளியில் ஒதுங்க இடம் கிடையாது. "எதுக்கு வம்பு" என்று தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வார்கள். சிறுநீரில் கிருமி தொற்ற இதுவே வழி. கர்ப்பிணிக்கு அந்தத் தொற்று வந்து கவனிக்காமல் விட்டால் குறைப்பிரசவம் வரை கொண்டுபோய்விடும்.

வெயிலின் கதையும் சாதாரணமானதல்ல. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர்கள் 2017 முதல் 2022 வரை தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். கடும் சூட்டில் வேலை செய்தவர்களில் நூற்றுக்கு 5 பேருக்குக் கரு கலைந்தது. மற்றவர்களில் அது நூற்றுக்கு 2 பேர்தான். 2024ல் வெளியான முடிவு இது. "நாங்கள்லாம் அளத்துல உப்பு வாரிக்கிட்டே பிள்ளை பெத்தவங்க!" என்று பெருமை பேசும் பாட்டிமார்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். பெற்றுப் பிழைத்தவர்கள்தானே இன்று பெருமை பேச முடிகிறது? கலைந்துபோன கருக்களுக்குக் கணக்கு யார் வைத்திருக்கிறார்கள்?

எல்லோரும் இருக்கிறார்கள், ஆனால்...

ஒரு கர்ப்பிணியைச் சுற்றி இன்று எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று விரல் விட்டு எண்ணிப் பாருங்களேன். பதிவு செய்து ரத்த அழுத்தம் பார்க்கும் நர்சம்மா. சத்துமாவு கொடுக்கும் பால்வாடி டீச்சர். ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர். அவசரத்துக்கு 108. கடன் கொடுக்கும் மகளிர் குழு. நன்கொடை தரத் தயாராயிருக்கும் ஜமாஅத்தும் சர்ச்சும் கோயில் கமிட்டியும். மருத்துவ முகாம் நடத்தும் சங்கங்கள். தெருமுனையில் ஆட்டோக்காரத் தம்பி. வீட்டுக்குள்ளே மாமியார், நாத்தனார், அம்மா, கணவர்.

இவ்வளவு பேர் இருந்தும் ஏன் கோளாறு வருகிறது? நர்சம்மாவின் நோட்டில் "ரத்தம் 8 கிராம்" என்று இருக்கும். அது மாமியாருக்குத் தெரியாது. மாமியாருக்கு "மருமக நாலு நாளா தலைவலின்னு படுத்திருக்கா" என்று தெரியும். அது நர்சம்மாவுக்குத் தெரியாது. அவள் கர்ப்பிணி என்பதே அளத்துக் கங்காணிக்கு ஆறாம் மாதம் வரை தெரியாது. முகாமுக்கு வந்த டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார். அதை அவள் விழுங்கினாளா, முந்தானையில் முடிந்து வைத்தாளா என்று யாருக்குமே தெரியாது. ஆளுக்கொரு பக்கம் வடத்தை இழுத்தால் தேர் நகருமா?

ஒரே வடத்தை ஒரே திசையில் இழுப்பதற்குப் பெயர்தான் பொதுத் திட்டம். புதிதாக ஒரு சங்கமோ கட்டடமோ அதற்குத் தேவையில்லை. இருப்பவர்களே ஓர் இடத்தில் உட்கார்ந்து, "இந்த வருஷம் நம் ஊரில் இன்னின்ன காரியத்தை முதலில் முடிப்போம், இது உன் பொறுப்பு, இது என் பொறுப்பு" என்று ஒரே பட்டியலாக எழுதிக்கொள்வதுதான்.

மூன்று தாமதங்கள்

பிரசவத்தில் ஏன் பெண்கள் சாகிறார்கள் என்று ஆராய்ந்த செரீன் தடியஸ், டெபோரா மெய்ன் என்ற இரு பெண்மணிகள் 1994ல் ஒரு விளக்கம் தந்தார்கள். உலகம் முழுக்க இன்றும் அதைத்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள். அவர்கள் சொன்னது மூன்று தாமதங்கள்.

முதல் தாமதம் வீட்டில். "கொஞ்சம் பொறு தாயி, விடியட்டும், பார்ப்போம்" என்று முடிவெடுக்கத் தயங்குவது. இரண்டாவது வழியில். வண்டி கிடைக்காமல், சாலை சரியில்லாமல், ஆஸ்பத்திரி தூரமாக இருந்து ஏற்படுவது. மூன்றாவது ஆஸ்பத்திரி வாசலுக்குள். டாக்டர், ரத்தம், மருந்து இவற்றுக்காகக் காத்திருப்பது.

நன்றாகப் பாருங்கள். முதல் தாமதம் நம் கையில். இரண்டாவது ஊரின் கையில். மூன்றாவது அரசாங்கத்தின் கையில். மூவரும் சேர்ந்து பேசினால்தான் மூன்றும் குறையும். பிரசவத்துக்குப் பின் பெருகும் உதிரப்போக்கைக் கவனிக்காமல் விட்டால் இரண்டு மணி நேரத்துக்குள்கூட உயிர் போய்விடலாம். அந்த இரண்டு மணி நேரத்தை மூன்று பேரும் பங்கு போட்டுக்கொண்டு வீணாக்கினால் அவள் கதி என்ன?

இறப்பிலிருந்து ஒரு பாடம்

தமிழ்நாடு இந்த விஷயத்தில் இந்தியாவுக்கே வழிகாட்டி என்று நாம் பெருமையோடு சொல்லிக்கொள்ளலாம். 2001-03ல் இங்கே ஒரு லட்சம் பிரசவங்களுக்கு 134 தாய்மார்கள் இறந்தார்கள். 2018-20ல் அது 54. அதே சமயம் நாடு முழுவதற்குமான சராசரி 97. ஒரு வயதுக்குள் இறக்கும் குழந்தைகள் 2020ல் ஆயிரத்துக்கு 13 பேர். நாட்டுச் சராசரி 28.

இது எப்படி நடந்தது? 24 மணி நேரமும் நர்சுகள் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்கள், 2008ல் வந்த 108, முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் பெயரிலான மகப்பேறு உதவித் திட்டம் என்று பல காரணங்கள். அவ்வளவாக வெளியே தெரியாத காரணம் இன்னொன்று உண்டு. எந்தத் தாய் இறந்தாலும் 24 மணி நேரத்துக்குள் மேலே தகவல் போக வேண்டும். சுகாதாரத் துறையினர் அந்த வீட்டுக்கே போய், "எப்போது வலி வந்தது? யார் பார்த்தார்கள்? எங்கே காத்திருந்தீர்கள்?" என்று கேட்டு எழுதுவார்கள். பிறகு மாவட்ட ஆட்சித் தலைவர் முன்னால் விசாரணை. அதில் இறந்தவளின் உறவினர்களையும் உட்கார வைத்துப் பேச வைக்கும் வழக்கம் 2004க்குப் பிறகு வந்தது. யாரையும் ஜெயிலில் போட அல்ல, அடுத்தவளைக் காப்பாற்ற.

யோசித்துப் பாருங்கள். ஒரு டாக்டரும், ஒரு கலெக்டரும், மகளைப் பறிகொடுத்த ஒரு தகப்பனும் ஒரே மேஜையில் உட்கார்கிறார்கள். எங்கே சங்கிலி அறுந்தது என்று தேடுகிறார்கள். ஒரு சாவு நடந்த பின் கூடுகிற அதே ஆட்கள், சாவு நடக்கும் முன்பே ஏன் கூடக் கூடாது?

பெண்கள் கூடியபோது...

கூடிப் பார்த்த ஊர்கள் இருக்கின்றன. 1980ல் உலக வங்கியின் உதவியோடு தமிழ்நாட்டில் ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. முதல் சோதனை மதுரைப் பக்கம் கொட்டாம்பட்டி வட்டாரத்தில். 6 மாதம் முதல் 3 வயது வரையுள்ள குழந்தைகளை மாதா மாதம் எடை போடுவார்கள். எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் சில மாதங்களுக்குச் சத்துணவு, எடை ஏறியதும் நிறுத்தம். அம்மாவின் கண் முன்னால் எடை அட்டையில் கோடு போடுவார்கள். அந்தந்த ஊர்ப் பெண்களே குழுவாகச் சேர்ந்து வேலை செய்தார்கள். படிப்பறியாத தாய்கூட, "கோடு கீழே இறங்குதே, என்ன செய்யலாம்?" என்று கேட்கத் தொடங்கினாள். ஒரு குழந்தையின் எடை ஊர்ப் பெண்களின் பொதுக் கவலையாக மாறியதுதான் அந்தத் திட்டத்தின் வெற்றி.

இன்னொன்று வடக்கே, ஜார்க்கண்ட், ஒரிசா மாநிலங்களின் பழங்குடி கிராமங்களில். 'ஏக்ஜுட்' என்ற அமைப்பு 2005ல் தொடங்கிய முயற்சி. டாக்டரும் மருந்தும் கொண்டு போகவில்லை. மாதம் ஒரு முறை பெண்களை மரத்தடியில் கூட்டினார்கள், அவ்வளவுதான். படக் கதைகள் சொல்லி, விளையாட்டு நடத்தி, "நம் ஊரில் தாயும் குழந்தையும் ஏன் சாகிறார்கள்?" என்று அவர்களையே பேச வைத்தார்கள். இருக்கும் பிரச்சினைகளில் எதை முதலில் எடுப்பது என்று பெண்களே தேர்ந்தெடுத்தார்கள். பிறகு ஊர்ப் பெரியவர்களையும் ஆண்களையும் கூப்பிட்டு, "நாங்கள் இதைச் செய்கிறோம், நீங்கள் இதைச் செய்ய வேண்டும்" என்றார்கள். கைகழுவிப் பிரசவம் பார்ப்பது, தொப்புள்கொடியைச் சுத்தமாக வெட்டுவது, தாய்ப்பால் மட்டுமே கொடுப்பது என்று ஒவ்வொன்றாகப் பழக்கமானது.

மூன்றே ஆண்டுகளில் அந்தக் கிராமங்களில் பச்சிளங்குழந்தைச் சாவு, கூட்டம் நடக்காத கிராமங்களைவிட நூற்றுக்கு 32 பங்கு குறைந்திருந்தது! 2010ல் இந்தக் கணக்கு வெளியானபோது டாக்டர்களே மூக்கின் மேல் விரல் வைத்தார்கள். மூன்றாம் ஆண்டில் தாய்மார்களின் மனச்சோர்வும் பாதிக்கு மேல் குறைந்திருந்தது. பேசுவதற்கு நாலு பெண்கள் இருந்தாலே மனசு லேசாகும் என்பது நமக்குத் தெரியாததா?

தூரம் எதற்கு? நம் கடலுக்கு எதிர்க்கரையைப் பாருங்கள். இலங்கையில் களுத்துறையில் 1926லேயே முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கிவிட்டது. ஒவ்வொரு பகுதிக்கும் பயிற்சி பெற்ற ஒரு மருத்துவிச்சி. அவர் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து காத்திருக்க மாட்டார். தன் பகுதியில் யார் புதிதாகக் கல்யாணமானவள், யார் கர்ப்பிணி, யார் பிள்ளை பெற்றவள் என்று பெயர் பெயராகத் தெரிந்துகொண்டு வீடு வீடாகப் போவார். பணக்கார நாடாக இல்லாமலே தாய்மார் சாவை இலங்கை வெகுவாகக் குறைத்ததற்கு இந்த மருத்துவிச்சிகள் ஒரு பெரிய காரணம்.

ஆறுமுகநேரியில் உட்கார்ந்தால்...

சரி, நம் ஆறுமுகநேரிக்கு வருவோம். பேரூராட்சி மன்றத்திலோ, பள்ளிக்கூடத்திலோ, ஒரு கல்யாண மண்டபத்திலோ ஒரு சாயங்காலம் எல்லோரும் உட்கார்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். யார் யாரை அழைக்கலாம்? நர்சம்மா, பால்வாடி டீச்சர்கள், சுகாதார நிலைய டாக்டர், பேரூராட்சி உறுப்பினர்கள், மகளிர் குழுத் தலைவிகள், உப்பள முதலாளிகள், கங்காணிகள், தொழிற்சங்கத்தார், தொழிற்சாலைக்காரர்கள், கோயில், ஜமாஅத், சர்ச் மூன்றின் பிரதிநிதிகள், ஆட்டோ ஓட்டுநர்கள், மருந்துக் கடைக்காரர். முக்கியமாக, கர்ப்பிணிகளும் கைக்குழந்தைக்காரிகளும் அவர்களின் மாமியார்களும். இவர்களை முன் வரிசையில் உட்கார வையுங்கள். இல்லாவிட்டால் பொன்னாடை போர்த்தி, காபி குடித்துக் கலைந்துபோகும் கூட்டமாகிவிடும்!

முதல் கூட்டத்தில் பேச்சாளர்கள் வேண்டாம். "போன வருஷம் நம் ஊரில் எந்தப் பிரசவத்தில் கஷ்டம் வந்தது? எங்கே தடங்கல்?" என்று மட்டும் கேளுங்கள். பெண்கள் சொல்லச் சொல்ல ஒருவர் எழுதட்டும். இருபது குறை வரும். அதில் ஒரு வருஷத்தில் முடிக்கக்கூடிய நாலைந்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இந்த வட்டாரத்துக்குப் பொருத்தமான சில விஷயங்களைச் சொல்கிறோம், பாருங்கள்:

1. ஒரே பட்டியல். ஊரிலுள்ள கர்ப்பிணிகள் எல்லோருடைய பிரசவ தேதியும் நர்சம்மாவிடம் இருக்கிறது. தெருவுக்கு ஒரு மகளிர் குழுப் பெண், தன் தெருவில் உள்ளவர்களை மட்டும், அவர்கள் சம்மதத்தோடு, தெரிந்து வைத்துக்கொள்ளலாம். வாரம் ஒரு முறை எட்டிப் பார்த்து, "மாத்திரை போட்டியா? குழந்தை அசையுதா?" என்று கேட்டால் போதும். ஏதாவது சரியில்லை என்றால் அன்றே நர்சம்மாவுக்குப் போன்.

2. அளத்தில் நிழல். உப்பள முதலாளிகளிடம் கேட்க வேண்டியது இது: குடிதண்ணீர், ஒதுங்க ஒரு மறைவிடம், உட்கார ஒரு கொட்டகை, கர்ப்பிணிக்குத் தலைச்சுமை இல்லாத வேலை. 26 வாரச் சம்பள விடுப்பு சட்டத்தில் இருக்கிறது. ஆனால் தினக்கூலிக்குப் போகும் உப்பளப் பெண்ணுக்கு அது எட்டாக்கனி. ஆகவே அரசின் மகப்பேறு உதவி அவளுக்குத் தவறாமல் கிடைக்க எல்லோரும் உதவ வேண்டும். இன்று அது ஊட்டச்சத்துப் பெட்டகங்களையும் சேர்த்து 18,000 ரூபாய். 12 வாரத்துக்குள் பதிவு செய்வது மிக முக்கியம். "நாலு மாசம் ஆகட்டும், யாரிட்டயும் சொல்லாதே" என்று மறைத்து வைத்தால் உதவியும் தள்ளிப்போகும், ஆரம்பப் பரிசோதனையும் தள்ளிப்போகும்.

3. ரத்தமும் வண்டியும். ஊரில் ரத்த தானம் செய்யும் இளைஞர்கள் இருப்பார்கள். எந்த மாதம் எத்தனை பிரசவம், யாருக்கு அபூர்வ ரத்த வகை என்று முன்பே பேசி வைத்தால் கடைசி நிமிஷ அலைச்சல் இல்லை. 108 வரும் வரை காத்திருக்க முடியாத சமயத்துக்கு ராத்திரியிலும் வரக்கூடிய இரண்டு மூன்று ஓட்டுநர்களின் எண்கள் ஒவ்வொரு கர்ப்பிணியின் வீட்டுக் கதவிலும் ஒட்டியிருக்கட்டும். சிக்கலான பிரசவத்துக்குத் திருச்செந்தூரா, தூத்துக்குடி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியா என்பதையும் டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

4. மழைக்கு முன்னே. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்த வட்டாரம் மறக்குமா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் மழை. தாமிரபரணிக் கரை ஊர்கள் தீவுகளாகிவிட்டன. திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய சென்னை ரயில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. அன்று நிறைமாதமாக இருந்தவளின் வீட்டார் எப்படித் தவித்திருப்பார்கள்! ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் பிரசவ தேதி உள்ளவர்களைப் புரட்டாசியிலேயே தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும். எச்சரிக்கை வந்ததும் அவர்களை ஆஸ்பத்திரிக்குப் பக்கமாக மாற்றிவிட வேண்டும். வண்டி யாருடையது, தங்க இடம் யார் தருவது என்று வெயில் காலத்திலேயே முடிவு செய்யுங்கள்.

5. நம் ஊர் உப்பில் ஒரு குறை. உப்பு விளையும் ஊரில் கடை உப்பை யார் வாங்குவார்கள்? அளத்திலிருந்து கொண்டு வந்த கல்லுப்பைத்தான் குழம்பில் போடுகிறோம். ஆனால் அதில் அயோடின் கிடையாது. வயிற்றிலிருக்கும் குழந்தையின் மூளை வளர அயோடின் அவசியம். அயோடின் சேர்க்காத உப்பைச் சாப்பாட்டுக்கென்று விற்பதை 2006 மே மாதம் முதல் நாடு முழுவதும் தடை செய்திருக்கிறார்கள். கர்ப்பிணி இருக்கும் வீட்டிலாவது அயோடின் உப்பு என்று ஊரே முடிவெடுக்கலாமே! ஊருக்கே சோறு ருசிக்க வைக்கும் கைகள், தங்கள் குழந்தைக்கும் நல்ல உப்பைக் கொடுக்கட்டும்.

வீட்டுக்குள் நம் பங்கு

இன்று தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99 பிரசவங்களுக்கு மேல் ஆஸ்பத்திரியில்தான் நடக்கின்றன. ஆனால் பிரசவத்துக்கு முந்தைய ஒன்பது மாதமும் பிந்தைய நாட்களும் வீட்டில்தானே? ஊர்க் கூட்டம் என்ன முடிவு செய்தாலும் அடுப்படியில் மாறாவிட்டால் பயனில்லை.

*ரத்தசோகை:* 2019-21 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் நூற்றுக்கு 48 பேருக்கு ரத்தசோகை. ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைந்தாலே சோகைதான். இரும்புச் சத்து மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுப்பாகப் போகும். அதைக் கண்டு பயந்து நிறுத்திவிடாதீர்கள், அது இயல்பு. காபி, டீ, பாலோடு மாத்திரையை விழுங்கினால் சத்து உடம்பில் ஒட்டாது. எலுமிச்சைச் சாறு, நெல்லிக்காய், கொய்யாப்பழத்தோடு நன்றாக ஒட்டும். சுண்ணாம்புச் சத்து மாத்திரையை வேறு வேளையில் போடுங்கள். முருங்கைக்கீரை, எள்ளுருண்டை, கேழ்வரகு, பயறு, மீன் எல்லாம் நம் பக்கம் மலிவாகக் கிடைப்பவைதான்.

*சேனை வேண்டாம்:* குழந்தை பிறந்ததும் வாயில் சேனை தொட்டு வைப்பது, சர்க்கரைத் தண்ணீர், கழுதைப்பால் கொடுப்பது எல்லாம் நம் தென்பாண்டிப் பழக்கம். பெரியவர்கள் ஆசையாகத்தான் செய்கிறார்கள். ஆனால் அந்த ஒரு துளியில் கிருமி போனால்? முதல் ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால், 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டும். தண்ணீர்கூட வேண்டாம். ஆசீர்வாதம் செய்ய விரும்பும் ஆச்சி, குழந்தையின் தலையில் கை வைத்து வாழ்த்தட்டுமே!

*குளியல்:* பிறந்தவுடன் குளிப்பாட்டாதீர்கள். 24 மணி நேரமாவது போகட்டும். மூக்கில் எண்ணெய் விடுவது, வாய்க்குள் விரலை விட்டுத் தொண்டை எடுப்பது கூடவே கூடாது. எடை குறைந்த குழந்தையைத் தாயின் மார்போடு மார்பாக அணைத்துத் துணியால் சுற்றி வைத்தால் அதுவே நல்ல கணகணப்பு. அப்பாவும் இப்படி அணைத்து வைத்திருக்கலாம், வெட்கப்படத் தேவையில்லை.

*பத்தியம்:* பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீரைக் குறைப்பது, காய்கறியை விலக்குவது தவறு. பால் சுரக்க அவளுக்கு வழக்கத்தைவிடக் கூடுதல் சாப்பாடும் நிறையத் தண்ணீரும் வேண்டும். பூண்டுக் குழம்பு கொடுங்கள், கூடவே கீரையும் பருப்பும் முட்டையும் கொடுங்கள்.

உடனே கிளம்புங்கள்!

கீழே உள்ள அறிகுறிகளை வெட்டி எடுத்து, அடுப்படிக் கதவில் ஒட்டி வையுங்கள். இவற்றில் ஒன்று வந்தாலும் "விடியட்டும்" என்று சொல்லாதீர்கள்.

*தாய்க்கு:* எந்த மாதத்திலும் உதிரப்போக்கு, விடாத தலைவலி, கண் மங்கல், முகம் வீங்குதல், மேல் வயிற்று வலி, வலிப்பு, காய்ச்சல், பனிக்குட நீர் கசிதல், குழந்தையின் அசைவு குறைதல், மூச்சுத் திணறல், பிரசவத்துக்குப் பின் துணி துணியாக நனையும் உதிரம். குழந்தையைப் பார்க்கவே பிடிக்காமல் எந்நேரமும் அழுகை, தூக்கமின்மை என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். "பேய் பிடிச்சிருக்கு" என்று சும்மா இருக்காதீர்கள்.

*சேய்க்கு:* பால் குடிக்க மறுத்தல், உடம்பு சில்லிடுதல் அல்லது கொதித்தல், நிமிஷத்துக்கு 60 அல்லது அதற்கு மேல் மூச்சு வாங்குதல், உள்ளங்கை, உள்ளங்கால் மஞ்சளாதல், வலிப்பு, தொப்புளில் சீழ், துவண்டு கிடத்தல்.

பிறந்த முதல் மாதத்தில் இறக்கும் குழந்தைகளில் முக்கால்வாசிப் பேர் முதல் வாரத்திலேயே இறந்துவிடுகிறார்கள். ஆகவே வீட்டுக்கு வந்த முதல் வாரம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பாருங்கள். அவசரத்துக்கு 108. ஆலோசனை கேட்க 104.

எங்கே ஆரம்பிப்பது?

"இதையெல்லாம் யார் முன்னின்று செய்வது? நான் வீட்டோடு இருப்பவள்" என்று தயங்குகிறீர்களா? கலெக்டர் வந்து ஆரம்பித்து வைக்க வேண்டுமென்று காத்திருக்காதீர்கள். அடுத்த வாரம் உங்கள் மகளிர் குழு கூடும்போது, சந்தா வசூலித்து முடித்ததும், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "மைனி, நம்ம தெருவுல இப்ப யார் யார் முழுகாம இருக்காங்க? ராத்திரி வலி வந்தா அவங்க கூட யார் போறது?" பதில் தெரியாமல் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். அந்த நிமிஷமே வடத்தில் முதல் கை விழுந்துவிட்டது.

பிறகு அந்தப் பெயர்களை ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே துணைக்குப் போகிறவர் பெயர், ஓட்டுநர் எண், மூத்த பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறவர் பெயர் மூன்றையும் எழுதுங்கள். அந்தத் தாளை நர்சம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். அவர் சந்தோஷத்தோடு தன் நோட்டையும் திறந்து, ரத்தம் குறைவானவர்கள் யார், ரத்த அழுத்தம் அதிகமானவர்கள் யார், நீங்கள் முதலில் போய்ப் பார்க்க வேண்டிய வீடு எது என்று சொல்வார். இன்று சாயங்காலமே அந்த வீட்டுக்குப் போய்விட்டு வாருங்கள்.